நிவேதிதா தேவியும் பாக்பஜார்ப் பாடசாலையும்

அயல்நாடு சென்று பாடசாலை நிறுவுவோர் இரு வகையினர். தம்மிடம் உள்ளதைக் கொண்டுபோய் அந்நாட்டு மக்களின் தலையில் சுமத்திவிட்டு, அதனையே பேருபகாரமாகப் பேசுவோர் ஒரு வகையினர். அந்நாட்டு மக்களிடத்து உறங்கிக் கிடப்பதைத் தட்டி எழுப்புவதே கல்வியென்று கொண்டு, அதன்பொருட்டுத் தாமே முதலில் மாணாக்கராய் அமர்வோர் மற்றொரு வகையினர். முதல் வகையினரை நமது தேசம் ஏராளமாகக் கண்டிருக்கிறது. 1835-ஆம் ஆண்டில் மெக்காலே என்பார் எழுதிவைத்த கல்விக் குறிப்பு, கீழ்த்திசை நூல்கள் யாவற்றையும் ஒருசேர இகழ்ந்து, ஆங்கிலக் கல்வியை அரியணையில் ஏற்றிய வரலாற்றை நம்மவர் யாவரும் அறிவர். இரண்டாம் வகையினரோ மிகச் சிலர். அச்சிலருள் முதலிடம் பெறத்தக்கவர் ஸகோதரி நிவேதிதா என்பது நமது துணிபு. அவ்வம்மையாரை விவேகானந்த ஸ்வாமிகளின் சிஷ்யை என்றும், பாரதியாரின் ஞானகுரு என்றும் போற்றுகிறோம். போற்றுதல் தகும். ஆயினும் அவர் தொழிலால் ஓர் உபாத்தியாயினி என்பதையும், பள்ளிக்கூடம் நடத்தவே இந்நாட்டிற்கு வந்தவர் என்பதையும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அந்த உபாத்தியாயினியின் வாழ்வையே இங்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மார்கரெட் எலிஸபெத் நோபிள் என்பது அவரது இயற்பெயர். 1867-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் தேதி, ஐர்லாந்து தேசத்தின் வடபாகத்திலுள்ள டங்கானன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் ஸாமுவேல் நோபிள் கிறிஸ்தவ மதபோதகர். ஏழைகளிடம் இரக்கம் மிகுந்தவர். உடலை வருத்தி உழைத்து, மகளுக்குப் பத்து வயதாகும்போதே காலஞ்சென்றார். தாய்வழிப் பாட்டனாராகிய ஹாமில்டன் என்பவர் ஐரிஷ் சுயாட்சிக் கிளர்ச்சியில் ஈடுபட்ட தேசபக்தர். ஆங்கில ஆதிக்கத்தின் கீழ் ஒரு தேசம் படும் பாட்டைக் குறித்த பேச்சு, அக்குழந்தையின் காதில் இளமையிலேயே விழுந்திருத்தல் இயல்பு. பின்னாளில் வங்காளத்தில் விளைந்த பயிருக்கு வித்து ஐர்லாந்திலேயே விழுந்ததென்று கூறுவது மிகையாகாது.

இங்கிலாந்தின் ஹாலிபாக்ஸ் நகரில், கட்டுப்பாடு மிகுந்த ஒரு விடுதிப் பள்ளியில் மார்கரெட் பயின்றார். குடும்பத்திற்கு ஆதரவில்லை. ஆகவே 1884-ஆம் ஆண்டில், பதினேழு வயது நிரம்பும் பருவத்திலேயே, கெஸ்விக் என்னும் ஊரில் ஆசிரியை வேலையை ஏற்றார். பிறகு ரக்பியிலும், அதன் பின்னர் ரெக்ஸாம் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரிலும் பணிபுரிந்தார். ரெக்ஸாமில் பள்ளி வேலை முடிந்தபின் தொழிலாளர் குடிசைகளுக்குச் சென்று அவர்கள் நிலையை நேரில் கண்டறிந்து, பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதலானார். அவ்வூரிலேயே ஓர் இளம் எஞ்சினீயரை மணப்பதாக இருந்து, விவாகத்திற்கு முன்னரே அவ்விளைஞர் நோய்வாய்ப்பட்டு மாண்டனர். அத்துயரத்தைப் பணியில் கரைத்துக்கொண்டு, 1889-ஆம் ஆண்டில் செஸ்டர் நகருக்குச் சென்றார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் கல்வித் துறையில் ஒரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. ஸ்விட்ஸர்லாந்தின் பெஸ்டலாஜி, ஜெர்மனியின் பிரோபெல் ஆகிய பேராசிரியர்களின் கொள்கை எங்கும் பரவி வந்தது. குழந்தையின் மனம் வெறும் பாத்திரமன்று. அதனுள் எதையும் ஊற்றி நிரப்ப இயலாது. குழந்தை தான் அறிந்த பொருளிலிருந்தே அறியாத பொருளுக்குச் செல்ல வேண்டும். கையால் செய்தும், கண்ணால் கண்டும், விளையாடியுமே அது கற்கும் என்பன அக்கொள்கையின் சாரம். மார்கரெட் இதனை ஆர்வத்தோடு கற்றார். 1892-ஆம் ஆண்டு முதல் லண்டன் நகரை அடுத்த விம்பிள்டனில் இம்முறையில் போதிக்கலானார். 1895-ல் அங்கேயே ரஸ்கின் பள்ளி என்னும் பெயரால் தமக்கெனவே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். லண்டன் அறிஞர் வட்டங்களில் அவர் பெயர் பரவிற்று. இருபத்தெட்டு வயதிற்குள் ஓர் இளம் பெண் அடையக்கூடிய கீர்த்தி யாவும் அவருக்கு வாய்த்திருந்தது.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் லண்டனில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் விவேகானந்த ஸ்வாமிகளை அவர் முதன்முதலாகச் சந்தித்தார். மதத்தில் ஐயங்கொண்டு, ஐயந் தீர்ப்பாரைக் காணாது தவித்திருந்த காலம் அது. எனினும் அவர் ஸ்வாமிகளின் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தலைவணங்கிவிடவில்லை. வினாமேல் வினாத் தொடுத்தார், மறுத்தார், சோதித்தார். 1896-ல் ஸ்வாமிகள் மீண்டும் லண்டனுக்கு வந்து தங்கிய பின்னரே அவர் மனம் உறுதிப்பட்டது. பாரத நாட்டுப் பெண்களுக்குக் கல்வி தருவதைத் தமது முக்கிய காரியங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த ஸ்வாமிகள், அப்பணிக்கு இவரே தக்கவர் எனக் கண்டார். ஆயினும் ஆசைகாட்டி அழைக்கவில்லை. 1897 ஜூலையில் எழுதிய கடிதத்தில், இந்நாட்டின் வெப்பத்தையும், வறுமையையும், மூடவழக்கங்களையும், வெள்ளையர் காட்டக்கூடிய வெறுப்பையும், இந்தியர் கொள்ளக்கூடிய சந்தேகத்தையும் ஒளிவுமறைவின்றி எடுத்தெழுதி, இவற்றையெல்லாம் எண்ணித் துணிந்தபின் வருக என்றே தெரிவித்தனர். மார்கரெட் எண்ணினார், துணிந்தார். விம்பிள்டன் பள்ளியையும் தாயையும் சுற்றத்தையும் விட்டுக் கப்பலேறி, 1898 ஜனவரி 28-ஆம் தேதி கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கினார். மார்ச்சு 25-ஆம் தேதி ஸ்வாமிகள் அவருக்குப் பிரம்மசரிய தீக்ஷை அளித்து, நிவேதிதா எனப் பெயரிட்டனர். அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது அப்பெயரின் பொருள்.

அர்ப்பணம் என்பது ஒரு நாளில் முடிந்துவிடும் சடங்கு அன்று. அது எவ்வளவு கடினமானது என்பதை அதனையடுத்த மாதங்கள் காட்டின. தீக்ஷை பெற்ற சின்னாட்களில், அவர் எந்த ஜாதியைச் சேர்ந்தவராகத் தம்மை எண்ணுகிறார் என ஸ்வாமிகள் வினவ, ஆங்கிலேய ஜாதியையே தம்முடையதாகக் கூறி, ஆங்கிலக் கொடியிடம் அவர் காட்டிய பக்தியைக் கண்டு ஸ்வாமிகள் திகைப்புற்றனர். அவ்வாண்டுக் கோடையில் அல்மோராவில் தங்கியிருந்தபோது, சிஷ்யையின் உள்ளத்தில் வேரூன்றியிருந்த ஆங்கில அபிமானங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியெறிவதையே ஸ்வாமிகள் காரியமாகக் கொண்டனர். நாள்தோறும் வாதம், நாள்தோறும் கண்டனம். நிவேதிதா மனமுடைந்து கண்ணீர் வடித்த நாட்களும் உண்டு. இதனை அவரே பின்னாளில் நூலில் எழுதி வைத்திருக்கிறார். பிறர்க்குக் கற்பிக்கவந்த ஆசிரியை, தாம் கற்றிருந்ததை முதலில் மறக்கவேண்டியிருந்தது. இந்தப் பயிற்சியைப் பெறாமல் அவர் பள்ளி தொடங்கியிருப்பாராயின், கல்கத்தாவில் இருந்த எத்தனையோ வெள்ளையர் பள்ளிகளோடு அதுவும் ஒன்றாக முடிந்திருக்கும்.

1898 நவம்பர் 13-ஆம் தேதி, காளி பூஜைத் தினத்தன்று, கல்கத்தாவின் வடபாகத்தில் பாக்பஜார் பகுதியில், போஸ்பாரா சந்து 16-ஆம் எண் இல்லத்தில் அவரது பாடசாலை திறக்கப்பட்டது. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸரின் தர்மபத்தினியாராகிய அன்னை சாரதாமணி தேவியார் நேரில் எழுந்தருளிப் பூஜை செய்து ஆசீர்வதித்தனர். ஸ்வாமிகளும் உடனிருந்தனர். பாக்பஜார் ஆசாரம் மிகுந்த ஹிந்துக்கள் நெருங்கி வாழ்ந்த இடம். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி தங்கள் தெருவில் குடியேறியதே அவர்களுக்குப் பேராச்சரியம். அவர் தொட்ட நீரை அருந்தமாட்டார். அவர் வீட்டில் வேலைசெய்ய ஆள் கிடைப்பதும் அரிது. இந்நிலையில், வீதியிலும் நடமாடாத பெண்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு அவர் வீடுவீடாகச் சென்று வேண்டினார். சில வீடுகளில் கதவு திறந்தது. சில வீடுகளில் திறக்கவில்லை. திறவாத கதவின்மீது அவர் சினங்கொண்டதில்லை. மறுநாளும் சென்று தட்டினார். ஆசாரத்திற் சிறந்தவராகிய சாரதாமணி தேவியார் அவரைத் தம் மகளாக ஏற்று உடனிருந்து உண்டமை, அத்தெருவார் உள்ளத்தை இளக்குவதற்குப் பெருந்துணையாயிற்று.

அப்பள்ளியில் அவர் கற்பித்த முறையை நமது கல்விமான்கள் கூர்ந்து நோக்கவேண்டும். தைத்தல், சித்திரம் வரைதல், களிமண்ணால் உருவம் சமைத்தல் ஆகியவற்றோடு எழுத்தும் கணக்கும் வங்காள பாஷையும் கற்பிக்கப்பட்டன. வங்காளப் பெண்கள் பண்டிகைக் காலங்களில் தரையில் இடும் ஆல்பனா என்னும் மாக்கோலத்தையே அவர் சித்திரப் பயிற்சிக்குத் தக்க தொடக்கமாகக் கொண்டார். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லவேண்டும் என்று பிரோபெல் வகுத்த நெறி, பாக்பஜாரில் என்ன பொருள் பெறும்? அங்குள்ள குழந்தை அறிந்தது இங்கிலாந்தின் பூக்களையன்று, லண்டன் தெருக்களையன்று. தன் பாட்டி சொன்ன ராமாயண பாரதக் கதைகளையும், தன் வீட்டு முற்றத்தையும், கங்கைத் துறையையுமே அது அறியும். ஆகவே ஸீதையும் ஸாவித்திரியுமே அதன் முதற்பாடம். மற்றவை பின்னரே வரவேண்டும். இவ்வாறு, ஐரோப்பாவின் மிகப் புதிய கல்விக் கொள்கையை நேர்மையோடு கடைப்பிடித்தமையாலேயே அவர் பாரத தேசீயக் கல்வியை வந்தடைந்தார். தேசீயக் கல்வியென்பது பழமையைக் கட்டிக்கொண்டு அழுவது என்று பரிகசிப்போர் இதனைச் சிந்திப்பாராக. தன் வேரில் நின்று வளரும் குழந்தையே உலகத்தின் அறிவையெல்லாம் தனதாக்கிக்கொள்ள வல்லது என்பது நிவேதிதா கண்ட உண்மை. பூகோளமும் சரித்திரமும் விஞ்ஞானமும் இந்நாட்டுப் பெண்களுக்கு வேண்டுமென்று இடையறாது வற்புறுத்தியவரும் அவரே.

பள்ளி தொடங்கிய சில மாதங்களுக்குள், 1899-ஆம் ஆண்டில், கல்கத்தாவில் பிளேக் நோய் பரவிற்று. ராமகிருஷ்ண மிஷன் நடத்திய நிவாரண வேலைக்கு நிவேதிதா காரியதரிசியானார். அறிக்கை எழுதுவதோடு நில்லாமல், துடைப்பமும் கையுமாகச் சந்துகளைத் தாமே கூட்டலானார். அதைக் கண்டு வெட்கிய வாலிபர்கள் ஓடிவந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டனர். டாக்டர் ராதாகோவிந்த கர் என்னும் புகழ்பெற்ற வைத்தியர், தாம் கண்ட காட்சியொன்றைப் பதிவு செய்திருக்கிறார். சேரிக் குடிசையொன்றில், தாயை இழந்து நோயில் வீழ்ந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இரவு பகலாக அங்கேயே தங்கியிருந்தார் அம்மையார். அக்குடிசையின் சுவருக்கு ஏணியில் ஏறித் தாமே சுண்ணாம்பும் அடித்தார். குழந்தை அவரைத் தாயென்று எண்ணிப் பற்றிக்கொண்டே உயிர் நீத்தது. இத்தகையவரை அயலார் என்று எவ்வாறு கூறுவது?

ஆயினும் பள்ளியை நடத்தப் பொருளில்லை. அதனை மூடிவிட்டு, 1899 ஜூன் மாதத்தில் ஸ்வாமிகளுடன் மேல்நாடு சென்று, அமெரிக்காவில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து நிதி திரட்ட முயன்றார். இந்தியப் பெண்களைக் குறித்துப் பாதிரிமார் பரப்பியிருந்த அவதூறுகளே அங்கு அவருக்குப் பெருந்தடையாயின. பாரத மக்களை இழிவுபடுத்திக் காட்டினால் பணம் குவியும்; உயர்வுபடுத்திப் பேசினால் பணம் சுருங்கும். அவர் இரண்டாவதையே தேர்ந்துகொண்டார். சிறு தொகையோடு 1902-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் திரும்பிவந்து, பள்ளியை மீண்டும் திறந்தார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஸகோதரி கிறிஸ்டைன் என்னும் உத்தமி அவருடன் வந்து சேர்ந்தார். 1903-ல் விவாகமான பெண்களுக்கும் விதவைகளுக்குமாகத் தனி வகுப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. வீட்டு வேலைகள் ஓய்ந்த பகற்பொழுதில் அவர்கள் வந்து கற்றனர். அவர்களை ஏற்றிவரத் திரையிட்ட வண்டியும் அமர்த்தப்பட்டது. குழந்தைக்குக் கல்வி தந்தால் மட்டும் போதாது, அக்குழந்தையின் தாய்க்கும் தரவேண்டும் என்னும் இவ்வேற்பாட்டின் அருமையை, கிராமங்கள்தோறும் வயதுவந்தோர் கல்விக்காக உழைத்தவர்கள் நன்கறிவர்.

1902 ஜூலை 4-ஆம் தேதி விவேகானந்த ஸ்வாமிகள் மஹாஸமாதி அடைந்தனர். அதனையடுத்து நிவேதிதா ஒரு கடினமான தீர்மானத்திற்கு வரவேண்டியிருந்தது. துறவியர் மடம் அரசியலில் தலையிடாது என்பது அதன் விதி. அடிமைப்பட்ட நாட்டில் கல்வியை அரசியலினின்று பிரிக்க இயலாது என்பது நிவேதிதாவின் முடிவு. இரண்டும் நியாயமே. மடத்திற்குத் தம்மால் இடையூறு நேராதிருக்கும் பொருட்டு, அதனோடு தமக்குச் சம்பந்தமில்லையென்று அம்மாதத்திலேயே பத்திரிகையில் பகிரங்கமாக அறிவித்து விலகினார். தம் குருநாதர் நிறுவிய ஸ்தாபனத்தை விட்டு விலகுதல் அவருக்கு எத்துணை வேதனை தந்திருக்கும்! எனினும் மடத்துத் துறவியரிடம் அவர் கொண்ட அன்பும், சாரதாமணி தேவியாரிடம் கொண்ட பக்தியும் இறுதிவரை குன்றவேயில்லை. கருத்து வேற்றுமை தோன்றியவுடன் வசைமொழியில் இறங்கும் நமது அரசியல் வாதிகள் இவரிடமிருந்து கற்கவேண்டிய பாடம் இதுவாகும்.

1904-ல் கர்ஸன் பிரபுவின் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறிற்று. உயர்தரக் கல்வியை ஸர்க்காரின் பிடிக்குள் இறுக்கிக் கொள்ளும் சூழ்ச்சியென்று தேசபக்தர்கள் அதனைக் கண்டித்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தா சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவில், சத்தியத்தைப் பெரிதெனப் போற்றுவது மேல்நாட்டாரின் பண்பு, கீழ்நாட்டாரிடம் தந்திரமே மதிக்கப்பட்டு வந்தது என்னும் கருத்துப்படக் கர்ஸன் பேசினார். பட்டதாரிகள் தலைகுனிந்து கேட்டிருந்தனர். நிவேதிதா வாளாவிருக்கவில்லை. கர்ஸன் எழுதிய தூரகிழக்கு நாடுகளைப் பற்றிய நூலைத் தேடியெடுத்தார். அதிலே, கொரியா நாட்டு அதிகாரி ஒருவரிடம் மதிப்புப் பெறுவதற்காகத் தம் வயதைக் கூட்டிப் பொய் சொன்னதை அந்தப் பிரபுவே பெருமையோடு வர்ணித்திருந்தார். அப்பகுதியையும் பட்டமளிப்புப் பிரசங்கத்தையும் அருகருகே நிறுத்தி அமிர்த பஜார் பத்திரிகை வெளியிட்டது. நாடு முழுதும் நகைத்தது. வைஸிராயின் வாயை அடைக்க ஓர் உபாத்தியாயினியின் புத்தகப் படிப்பே போதுமானதாயிற்று.

1905 அக்டோபர் 16-ஆம் தேதி வங்காளம் துண்டாடப்பட்டது. சுதேசிப் பெருங்கிளர்ச்சி மூண்டெழுந்தது. வந்தே மாதரம் என்னும் முழக்கத்தைக் கேட்டாலே அதிகாரிகள் தடியெடுத்த அக்காலத்தில், நிவேதிதாவின் பள்ளியில் அக்கீதம் நாள்தோறும் பாடப்பட்டது. ராட்டினமும் அங்கே சுழன்றது. வஜ்ராயுதத்தைச் சின்னமாகக் கொண்ட தேசீயக் கொடியொன்றை அவர் கற்பனை செய்ய, பள்ளிச் சிறுமியர் அதனைத் துணியில் பின்னினர். 1906-ல் கல்கத்தாக் காங்கிரஸையொட்டிய கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. உலகநன்மைக்காகத் தன் எலும்பையே ஈந்த ததீசி முனிவரின் தியாகத்தைக் குறிப்பது வஜ்ரம். ஆங்கிலக் கொடியைத் தம் கொடியென்று ஒருகால் கூறியவரின் கையில் பாரதத்தின் கொடி உருப்பெற்றது! எட்டாண்டுகளில் அவர் நடந்த தூரம் இவ்வளவு.

தமிழ்நாட்டிற்கும் அவருக்கும் உள்ள தொடர்பு நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1905 டிஸம்பரில் கோகலே தலைமையில் கூடிய காசிக் காங்கிரஸுக்கு நிவேதிதா சென்றிருந்தார். நம் பாரதியாரும் சென்றிருந்தார். அப்பயணத்தையொட்டி அவரைத் தரிசித்த பாரதியாரிடம், மனைவியை உடனழைத்து வராததேன் என்று அம்மையார் வினவினார் என்றும், பெண்களைச் சமமாக நடத்தாத சமூகம் விடுதலைக்குத் தகுதி பெறுவது எங்ஙனம் என்று இடித்துரைத்தார் என்றும், அதுமுதல் பாரதியாரின் நோக்கே மாறிற்று என்றும் வரலாறு கூறுவோர் கூறுகின்றனர். 1908-ல் வெளிவந்த ஸ்வதேச கீதங்களையும், 1909-ல் வெளிவந்த ஜன்மபூமியையும் பாரதியார் அவருக்கே ஸமர்ப்பித்தார். தமிழ் மொழியில் புதுமைப் பெண்ணைப் படைத்த கவிஞருக்கு அக்கல்வி கிடைத்த இடம் நிவேதிதாவின் திருவடி. பாக்பஜார்ச் சிறுமியரோடு சுப்பிரமணிய பாரதியாரையும் அவருடைய மாணாக்கர் வரிசையில் சேர்த்து எண்ணுவது தகும். இலங்கைத் தமிழராகிய ஸர் முத்துக்குமாரஸ்வாமியின் புதல்வர் ஆனந்த குமாரஸ்வாமி, நிவேதிதா தொடங்கி முடிக்காது விட்ட ஹிந்து, பௌத்த புராணக்கதை நூலை எழுதி முடித்து 1913-ல் வெளியிட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அவரது உழைப்பு பள்ளிச் சுவர்களுக்குள் அடங்கியதன்று. ஜகதீச சந்திர போஸ் என்னும் விஞ்ஞான மேதை, தமது ஆராய்ச்சிகளை மேல்நாட்டார் ஒப்புக்கொள்ளாது அலைக்கழித்த காலத்தில், அவர் நூல்களைச் செப்பனிட்டு உருவாக்குவதில் நிவேதிதா இரவு பகலாக உதவினார். அவநீந்திரநாத தாகூரின் சித்திரக் கூட்டத்தாரை ஊக்கி, நந்தலால் போஸ் முதலிய இளைஞர் அஜந்தாக் குகைகளுக்குச் சென்று அங்குள்ள ஓவியங்களைப் பிரதிசெய்யத் தூண்டினார். 1906-ல் கீழ்வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் தாக்கியபோது, படகிலும் சேற்றிலும் கிராமம் கிராமமாகச் சென்று மக்கள் பட்ட துயரை உலகறிய எழுதினார். அப்பயணத்தின் பயனாகக் கடுஞ்சுரம் பற்றி நெடுநாள் வருந்தினார். ரவீந்திரநாத தாகூர் தம் மகளுக்கு ஆங்கில முறையில் கல்வி தருமாறு கேட்டபோது, குழந்தையின் இயல்பின்மேல் அயல் முறையைச் சுமத்தும் வேலையைத் தாம் செய்ய இயலாதென மறுத்துவிட்டார். அம்மறுப்பால் மனம் வருந்தாத கவி, பின்னாளில் அவரை லோகமாதா என்றே போற்றினார்.

குறை காண்போரும் உண்டு. ஹிந்து சமூகத்தின் வழக்கங்களை அவர் அளவுக்கு மீறி அழகுபடுத்திக் காட்டினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. 1904-ல் அவர் வெளியிட்ட இந்திய வாழ்க்கையைப் பற்றிய நூலைப் படிப்போர் இதனை முற்றும் மறுக்க இயலாது. குழந்தை மணமும், விதவைக் கொடுமையும், தீண்டாமையும் அந்நூலில் பெறவேண்டிய கண்டனத்தைப் பெறவில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அவர் எழுதிய காலத்தை நோக்கவேண்டும். இந்நாட்டை இகழ்வதற்கென்றே நூறு பேனாக்கள் ஓடிய காலம் அது. அதற்கு எதிராக ஒரு பேனாவேனும் ஓடவேண்டியிருந்தது. மேலும், எழுத்தில் கண்டிக்காததை அவர் செயலில் மாற்றினார். அரசியலிலும் கலையிலும் விஞ்ஞானத்திலும் அவர் சக்தியைச் சிதறவிட்டமையால் பள்ளி தளர்ந்தது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. பள்ளியின் அன்றாடப் பாரத்தைப் பெரும்பாலும் கிறிஸ்டைன் சுமந்தார் என்பது உண்மையே. ஆயினும் நிவேதிதா தம் நூல்களாலும் கட்டுரைகளாலும் ஈட்டிய பொருளே அப்பள்ளிக்கு ஊன்றுகோலாயிற்று. கோடையில் அனல் வீசும் சிறு அறையில், தம் உணவையும் சுருக்கிக்கொண்டு அவர் எழுதிக் குவித்தது தமது சுகத்திற்கன்று.

அவ்வுழைப்பு உடலை உருக்கிற்று. 1911-ஆம் ஆண்டு பூஜை விடுமுறைக்கு போஸ் தம்பதிகளுடன் டார்ஜிலிங் மலைக்குச் சென்றவர், அங்கே சீதபேதியால் பீடிக்கப்பட்டார். டாக்டர் நீலரத்தன ஸர்க்கார் செய்த வைத்தியமும் பலிக்கவில்லை. முடிவு நெருங்கியதை அறிந்து, அக்டோபர் 7-ஆம் தேதி மரண சாஸனம் எழுதுவித்தார். தம் உடைமை யாவும், தம் நூல்களால் வரும் வருமானமும், பாரதப் பெண்களுக்குத் தேசீய முறையில் கல்வியளிக்கும் பொருட்டுப் பேலூர் மடத்துத் தர்மகர்த்தர்களிடம் சேரவேண்டுமென்று அதிற் கண்டிருந்தது. எந்த மடத்தைவிட்டு விலகினாரோ அதனிடமே தம் ஸர்வஸ்வத்தையும் ஒப்புவித்தார். அக்டோபர் 13-ஆம் தேதி காலையில் ஆவி நீத்தார். நாற்பத்துநான்கு வயது நிறையப் பதினைந்து தினங்கள் எஞ்சியிருந்தன. இமயத்தின் மடியில் ஹிந்து முறைப்படி தகனம் நடந்தது. பாரதத்திற்குத் தம்முடைய யாவற்றையும் ஈந்தவர் இங்கே இளைப்பாறுகிறார் என்னும் கருத்தை உணர்த்தும் கல்லெழுத்து அவ்விடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் மறைந்தாலும் பள்ளி மறையவில்லை. ஸுதீரா தேவி என்னும் வங்காளப் பெண்மணி அதனை ஏற்று நடத்தினார். வெள்ளைக்காரப் பெண்மணி தொடங்கிய பள்ளியை இந்நாட்டுப் பெண்களே தாங்கி நிறுத்தினர் என்பதில் அவர் நோக்கம் நிறைவேறிற்று. பின்னர் ராமகிருஷ்ண சாரதா மிஷனின் பொறுப்பில், அவர் பெயராலேயே அது நூற்றாண்டைக் கடந்து வாழ்ந்து வருகிறது. 1917-ல் கல்கத்தாவில் போஸ் நிறுவிய ஆராய்ச்சிக் கழகம் வஜ்ரத்தையே சின்னமாக ஏற்றது. அதன் வாயிலில் விளக்கேந்திச் செல்லும் பெண்ணுருவம் நிவேதிதாவின் நினைவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் விட்டுவந்த விம்பிள்டனும் அவரை மறக்கவில்லை; 2023-ஆம் ஆண்டில் அங்குள்ள ஒரு பள்ளியில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

சிலையும் கல்லெழுத்தும் நன்றே. ஆயினும் நிவேதிதா நம்மிடம் கேட்பது வேறு. 1947-ல் அந்நிய ஆட்சி அகன்றது. பள்ளிகளின் எண்ணிக்கை பெருகிற்று. பெண்கள் படிப்பது எங்கும் இயல்பாயிற்று. இவை பெருமகிழ்ச்சிக்குரியனவே. ஆனால் நமது பள்ளி, குழந்தை அறிந்ததிலிருந்து தொடங்குகிறதா? தாய்மொழியும், பாட்டி சொன்ன கதையும், வீட்டு முற்றத்துக் கோலமும் வகுப்பறையின் வாயிலில் மரியாதையோடு வரவேற்கப்படுகின்றனவா, அல்லது பாதரட்சைகளைப்போல் வெளியே விடப்படுகின்றனவா? மெக்காலேயின் குறிப்பு ஏட்டில் செத்துவிட்டது. நம் மனத்தில் செத்துவிட்டதா? தம் பிள்ளை தாய்மொழியில் பேசினால் வெட்கமும், அயல்மொழியில் பிதற்றினால் ஆனந்தமும் கொள்ளும் பெற்றோர் இத்தேசத்தில் உள்ளவரையில் அவ்வினாவிற்கு விடையில்லை.

ஐர்லாந்தில் பிறந்த ஒரு பெண், நம் வீட்டுக் கதவுகளைத் தட்டி, நம்மிடம் உள்ள செல்வத்தை நமக்கே காட்டிக்கொடுத்து, அப்பணியிலேயே உயிரையும் விட்டார். நமது தேசத்தொண்டர்களுள் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பாடசாலையின் படியேறி, அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எந்த வீட்டுப் பெண்குழந்தை இன்னும் வந்து சேரவில்லை என்று விசாரிக்கத் தொடங்குவாராயின், அதுவே அவ்வம்மையாருக்கு நாம் செய்யும் கைம்மாறாகும். திறவாத கதவு இன்னும் பல உள்ளன. தட்டுவதற்குக் கைகள் வேண்டும்.